கணக்கிலிருந்து காரியத்திற்கு



மனிதர் செய்யும் வேலைகளை இருவகையாகப் பகுக்கலாம். ஒரு வகை திரும்பத் திரும்ப வருவது. மற்றொரு வகை ஒரு முறை தொடங்கி ஒரு முறையே முடிவது. நாள்தோறும் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் அழைப்பது முதல் வகை. பள்ளிக்குப் புதிய கட்டடம் எழுப்புவது இரண்டாம் வகை. ஆற்றில் ஓடம் செலுத்துவது முதல் வகை. அவ்வாற்றின் குறுக்கே பாலம் கட்டுவது இரண்டாம் வகை. முதல் வகையில் நேற்றைய பழக்கம் இன்றைக்குக் கைகொடுக்கும். இரண்டாம் வகையில் அந்த உதவி குறைவு. அந்தப் பாலத்தை அந்த இடத்தில் முன்பு யாரும் கட்டியதில்லை.

இவ்விரண்டாம் வகை வேலையை ஆங்கிலத்தில் புராஜெக்ட் என்பர்; நாம் திட்டப்பணி என்று வழங்குவோம். அதனைத் தொடக்கம் முதல் முடிவு வரை பொறுப்பேற்று நடத்துபவர் திட்டப்பணி மேலாளர். கட்டடத் தொழிலில் மட்டுமன்றி, கணிப்பொறி நிறுவனங்களிலும், மருத்துவமனைகளிலும், வங்கிகளிலும், அரசுத் துறைகளிலும் இன்று இப்பதவி உண்டு.

கணக்குத்துறையோ பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. ஏப்ரல் முதல் நாள் ஏடு திறக்கும். மார்ச்சு 31 ஆம் நாள் மூடும். மறுநாள் மீண்டும் திறக்கும். வெனிஸ் நகரில் லூக்கா பச்சியோலி என்னும் துறவி, வணிகர் கையாண்டுவந்த இரட்டைப் பதிவு முறையை 1494 ஆம் ஆண்டில் தம் கணித நூலில் அச்சேற்றினார். பற்று ஒரு புறம், வரவு ஒரு புறம், இரண்டும் ஒத்துவர வேண்டும் என்னும் அந்நெறி இன்றும் மாறவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மாறாத தொழில்நெறி உலகில் மிகச் சிலவே. அதில் பழகியவர், நாளைக்கு என்ன நேரும் என்று தெரியாத திட்டப்பணிக்குள் நுழைய முடியுமா? நுழைந்தால் எதைக் கையோடு கொண்டு செல்லலாம், எதை வாசலில் விட்டுச் செல்ல வேண்டும்? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இதைப் பேச ஒரு காரணம் உண்டு. வணிகவியல் படிக்கும் மாணவர்களுக்கு நம் ஊர்களில் இரண்டே வழிகளைத்தான் காட்டுகிறார்கள். ஒன்று வங்கி, மற்றொன்று தணிக்கை. பொறியியல் படித்தவர்களுக்கே காரியத் தலைமை உரியது, வணிகவியல் படித்தவர்கள் ரசீது பார்க்கப் பிறந்தவர்கள் என்ற எண்ணம் பெற்றோரிடத்திலும் இருக்கிறது. வருந்தத்தக்க வகையில், ஆசிரியர் சிலரிடத்திலும் இருக்கிறது.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவர். 2017 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நம் நாட்டில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். சிறுவராக இருந்தவர்களுக்குப் பெற்றோர் சொல்லியிருப்பர். ஆயத்தீர்வை, சேவை வரி, மதிப்புக் கூட்டு வரி எனப் பலவாக இருந்தவை ஒன்றாயின. வணிகர்களுக்கு 15 இலக்கப் பதிவு எண் வந்தது. விலைப்பட்டியலின் வடிவமே மாறியது. பொருள்களைப் புதிய வகைப்பாட்டு எண்களின்படி பிரிக்க வேண்டியதாயிற்று. பழைய வரி செலுத்திக் கிடங்கில் வைத்திருந்த சரக்குக்குப் புதிய முறையில் வரவு பெறுவதற்கும் விதிகள் இருந்தன. அதற்குச் சரக்கை எண்ணிப் பதிந்தாக வேண்டும். இவ்வளவையும் நிறுவனத்தின் எல்லாக் கிளைகளிலும் முடித்துத் தரும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். குறித்த நாளோ அரசு குறித்த நாள். அதை ஒருவரும் ஒத்திவைக்க இயலாது.

அது ஒரு திட்டப்பணி என்று அப்பொழுது அவருக்குத் தெரியாது. வரிச் சட்டம் சம்பந்தப்பட்டது, ஆகவே கணக்கு வேலை என்றே எண்ணினார். முதலில் என்ன செய்தார் தெரியுமா? எந்த வேலைக்கு அதிகப் பணம் செலவாகும் என்று பட்டியல் போட்டார். கணிப்பொறி நிரலை மாற்றும் செலவு முதலிடத்தில் நின்றது. தம் கவனத்தையெல்லாம் அதன்மேல் வைத்தார். மே மாதம் நடுவில் நிரல் தயாராகிவிட்டது. ஆனால், சரக்கு அனுப்பும் சிறு வணிகர்களுடைய பதிவு எண்கள் பாதிக்கு மேல் வந்து சேரவில்லை. எண் இல்லாமல் நிரலில் ஒன்றும் ஏறாது. அந்த எண்களைக் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு ஆன செலவு, பட்டியலின் கடைசி வரியில், சில நூறு ரூபாய்.

இங்கே சற்று நிற்க வேண்டும். கணக்கரின் கண் பெரிய தொகையை முதலில் காணப் பழகியது. தணிக்கையாளர் ஒருவர் ஒரு கோடி ரூபாய்ப் பதிவைப் பார்க்காமல் நூறு ரூபாய்ச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தால் அவரை நாம் நல்ல தணிக்கையாளர் என்று சொல்ல மாட்டோம். தொகையின் அளவே முக்கியத்துவத்தின் அளவு என்பது அத்தொழிலுக்கு முறையான நெறி. திட்டப்பணியில் அந்நெறி செல்லாது. அங்கே ஒரு வேலையின் முக்கியத்துவம் அதன் விலையில் இல்லை; அதற்காகக் காத்து நிற்கும் வேலைகளில் இருக்கிறது.

ஒரு பள்ளிக் கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடித்தளத்துக்கு 3 வாரம். சுவருக்கு 5 வாரம். கூரைக்கு 2 வாரம். கூரையில் நீர் தேக்கி ஆற வைத்து, அடியில் கொடுத்த முட்டுகளைப் பிரிக்க 2 வாரம். பூச்சுக்கும் தரைக்கும் 4 வாரம். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க வேண்டும். ஆக 16 வாரம். மற்றொரு புறம், தச்சர் பட்டறையில் பலகையும் மேசையும் செய்ய 10 வாரம். மேசைகளுக்குப் பல லட்சம் செலவு. ஆயினும் தச்சர் 6 வாரம் பிந்தினாலும் பள்ளி திறக்கும் நாள் மாறாது. கூரை வேலை ஒரு நாள் பிந்தினால் முழுப் பணியும் ஒரு நாள் பிந்தும். நீர் தேக்கி வைக்கும் அந்த நாள்களில் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. கணக்கேட்டில் அந்த வாரங்கள் வெறுமையாகவே இருக்கும். எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த நாள்களைச் சுருக்க முடியாது. இன்னும் சொல்வேன்: கட்டட வரைபடத்துக்கு அனுமதித் தாள் வராவிட்டால் மண்வெட்டியே எடுக்க இயலாது. அந்தத் தாளுக்குக் கட்டணம் எவ்வளவு என்று யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

இப்படி, முடிவு நாளைத் தாங்கி நிற்கும் வேலைகளின் தொடரைக் கிரிட்டிகல் பாத் என்று ஆங்கிலத்தில் அழைப்பர். முடிவு நாளைத் தாங்கும் பாதை என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. அமெரிக்காவில் டூப்பாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் 1957 ஆம் ஆண்டை ஒட்டி இம்முறையை வகுத்தார்கள். அதற்கு முன்பே, வேலைகளைக் கோடுகளாக நாட்காட்டியின்மேல் வரைந்து காட்டும் படத்தை ஹென்றி கேன்ட் என்பவர் பரப்பியிருந்தார். அவர் பொறியாளர். எனினும், இளமையில் சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு.

என் மாணவர் கதைக்கு வருவோம். அவர் தம் பட்டியலைக் கிழித்துவிட்டு, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று புதிதாக எழுதினார். பதிவு எண் இல்லாத வணிகர்களுக்குத் தொலைபேசியில் பேசினார். பேசி வராதவர்களிடம் நேரில் போனார். ஜூலை முதல் நாள் விலைப்பட்டியல் புதிய வடிவில் வெளிவந்தது. சில கிளைகளில் கையால் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது என்றும் சொன்னார். அது இயல்பே.

இனி, கணக்கர் கையோடு கொண்டு செல்லக்கூடிய செல்வம் என்ன என்று பார்ப்போம். அது சிறிதன்று. பணியிடத்தில் செங்கல் வந்து இறங்கிவிட்டது. விலைச்சீட்டு இன்னும் வரவில்லை. பொறியாளர் பலர் அச்செலவை மறந்துவிடுவர். பணம் கொடுக்காவிட்டாலும் கடன் பிறந்துவிட்டது என்று அறிந்த கணக்கர் மறவார். ஒப்பந்தத்தில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு தொகை தர வேண்டும், எவ்வளவு பிடித்து வைக்க வேண்டும் என்பதும் அவருக்கு மனப்பாடம். இவற்றினும் மேலானது ஒன்றுண்டு. பணியின் நிலையை உள்ளபடி அளக்கும் முறை ஒன்று இருக்கிறது. அது கணக்கறிவு உடையவருக்கே எளிதில் விளங்கும். அதனைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பள்ளிக்கு 10 வகுப்பறைகள் கட்ட வேண்டும். அறை ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய். மொத்தம் 100 லட்சம். மாதத்துக்கு ஓர் அறை வீதம் 10 மாதம். ஆகஸ்டில் தொடங்கி மே முடிவில் முடிப்பது. ஜூனில் பிள்ளைகள் புது அறையில் உட்காருவது. இது திட்டம். ஐந்து மாதம் கழிந்து டிசம்பர் இறுதியில் கணக்குப் பார்க்கிறோம். அதுவரை செலவிட எண்ணியது 50 லட்சம். உண்மையில் செலவானது 45 லட்சம். பேரேட்டை மட்டும் பார்க்கிறவர் என்ன சொல்வார்? 5 லட்சம் மிச்சம் என்பார். நிருவாகக் குழுவினர் மகிழ்ந்து தேநீர் அருந்திவிட்டுக் கலைவர்.

இப்பொழுது ஒருவர் எழுந்து, எத்தனை அறை முடிந்திருக்கிறது என்று கேட்கிறார். நான்கு அறை என்று விடை வருகிறது. நான்கு அறைக்குத் திட்டப்படி உரிய மதிப்பு 40 லட்சம். செய்து முடித்த வேலைக்குத் திட்டம் தரும் இந்த மதிப்பை ஈட்டிய மதிப்பு என்று சொல்வார்கள். 40 லட்சம் பெறுமான வேலைக்கு 45 லட்சம் செலவாகியிருக்கிறது. ஆகவே, மிச்சம் 5 லட்சம் அன்று. மிகைச்செலவு 5 லட்சம். ஐந்து மாதத்தில் ஐந்து அறை முடிந்திருக்க வேண்டும், முடிந்தவை நான்கு. இதே விகிதத்தில் சென்றால் மொத்தச் செலவு என்ன? 40 க்கு 45 என்றால் 100 க்கு 112 லட்சத்து 50 ஆயிரம். காலம் என்ன? நான்கு அறைக்கு ஐந்து மாதம் என்றால் பத்து அறைக்குப் பன்னிரண்டரை மாதம். மே இறுதியில் முடிய வேண்டியது ஆகஸ்டு நடுவில் முடியும். ஜூன், ஜூலை மாதங்களில் ஏதோ ஒரு வகுப்புப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார வேண்டும்.

பேரேடு பொய் சொல்லவில்லை. 45 லட்சம் செலவானது மெய். அதனிடம் கேட்ட கேள்விதான் போதவில்லை. எவ்வளவு செலவாயிற்று என்று மட்டும் கேட்டார்கள். என்ன கிடைத்தது என்று கேட்கவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் பெரிய ஒப்பந்ததாரர்கள் இவ்வாறு கணக்குக் காட்ட வேண்டும் என்று 1967 ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது. பிற துறைகளும் பின்னர் மேற்கொண்டன. முற்றுப்பெறாத அறையை எப்படி மதிப்பது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. முடிந்தால்தான் மதிப்பு, முடியும் வரை சுழி என்று கொள்வாரும் உளர். தொடங்கும்போது பாதி, முடிந்தபின் மீதிப் பாதி என்று கொள்வாரும் உளர். எதைக் கொண்டாலும் முன்கூட்டியே கூறிவிட வேண்டும். “தொண்ணூறு விழுக்காடு முடிந்துவிட்டது” என்று ஒப்பந்ததாரர் வாயால் சொல்வதை மட்டும் மதிப்பாக எழுதக் கூடாது. அந்தத் தொண்ணூறு மாதக்கணக்கில் தொண்ணூறாகவே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வாசலில் விட்டுச் செல்ல வேண்டியவையும் உண்டு. கணக்கர் ஒரு ரூபாய் ஒத்துவராவிட்டால் உறங்க மாட்டார். அது நடந்ததை எழுதுபவரின் நேர்மை. நடக்கப்போவதை மதிப்பிடுகிறவருக்கு அந்த நுட்பம் பயன்படாது. ஒரு வேலை எத்தனை நாளில் முடியும் என்று கேட்டால் ஒரே எண்ணைச் சொல்ல முயல்வதைவிட மூன்று எண்களைச் சொல்வது அறிவுடைமை. எல்லாம் நன்றாக நடந்தால் 4 நாள். பெரும்பாலும் 6 நாள். எல்லாம் தவறினால் 14 நாள். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 4, 24, 14 ஆகியவை சேர்ந்து 42. ஆறால் வகுத்தால் 7 நாள். அமெரிக்கக் கடற்படை 1958 ஆம் ஆண்டில் போலாரிஸ் ஏவுகணைப் பணிக்காக உருவாக்கிய பெர்ட் என்னும் முறையில் இது வருகிறது. பெரும்பாலும் 6 நாள் என்று சொன்ன வேலைக்கு விடை 7 நாளாக வருவதைக் கவனியுங்கள். வேலை முந்துவதற்கு இடம் குறைவு. பிந்துவதற்கு இடம் மிகுதி. வீட்டில் திருமணம் நடத்திய பெரியோரைக் கேட்டால் இதை வகுத்தலும் பெருக்கலும் இல்லாமலே சொல்வார்கள்.

அடுத்தது, அதிகாரம். நிதிப் பிரிவில் இருப்பவருக்கு ஒரு சொல் வலிமை உண்டு. “முடியாது” என்பது அச்சொல். அவர் கையொப்பம் இடாவிட்டால் பணம் நகராது. திட்டப்பணி மேலாளருக்கு அந்த வலிமை பெரும்பாலும் இல்லை. தச்சரும் மின்பணியாளரும் நிரல் எழுதுபவரும் அவருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர்; வேறு வேறு தலைவர்களுக்கு உட்பட்டவர். அவர்களிடம் வேலை வாங்க வேண்டும். என் மாணவர் சரக்கை எண்ணித் தருமாறு கிடங்குப் பொறுப்பாளருக்கு மேலிடத்து உத்தரவு என்று கடிதம் அனுப்பினார். பொறுப்பாளர் அவரைவிட இருபது வயது மூத்தவர். கடிதம் கோப்பில் போயிற்று, சரக்கு எண்ணப்படவில்லை. பிறகு ஒரு மாலை இவரே கிடங்குக்குப் போய், “அண்ணா, எந்த நாளில் லாரி குறைவாக வரும் என்று சொல்லுங்கள், அன்றைக்கு என் பிரிவு ஆட்கள் நால்வரையும் அழைத்து வருகிறேன். நீங்கள் சொல்லுகிற முறையில் எண்ணுகிறோம்” என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது.

இதனினும் கடினமானது ஒன்று. கணக்கர் வருகிறார் என்றால் மக்கள் உண்மையை மறைக்கத் தொடங்குவர். குறை தெரிந்தால் தொகை வெட்டப்படும் என்னும் அச்சம் அவர்களுக்கு. திட்டப்பணியை நடத்துகிறவருக்கோ குறைதான் முதலில் தெரிய வேண்டும். கொத்தனார் இரண்டு வாரம் பிந்தும் என்று ஜனவரியில் சொன்னால் செய்வதற்கு வழி உண்டு. மே மாதத்தில் சொன்னால் வருந்துவதற்கு மட்டுமே வழி உண்டு. முதல் முறை சொன்னவரைக் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் “எல்லாம் நலம்” என்றே சொல்வார். ஒன்பது ஆண்டுகள் கேள்வி கேட்டுப் பழகிய குரலை மாற்றிக்கொள்ளத் தமக்கு ஓர் ஆண்டு பிடித்தது என்று என் மாணவர் கூறினார். கணக்கிலிருந்து வருகிறவர்கள் தோற்பதாக இருந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள் என்பது என் கருத்து, எண்களில் அன்று.

செலவாகிப்போன பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அது மீளாதாயின், மேலும் செலவிடலாமா என்ற முடிவில் அதனைச் சேர்க்கலாகாது என்பதை வணிகவியல் மாணவர் பாடமாகவே படிக்கிறீர்கள். ஏட்டில் படிப்பது எளிது. கூட்டத்தில் எழுந்து சொல்வது அரிது. பிரிட்டனும் பிரான்சும் 1962 ஆம் ஆண்டில் ஒப்பந்தம் செய்து கான்கார்டு என்னும் ஒலியினும் விரைந்த விமானத்தைக் கட்டத் தொடங்கின. செலவு ஏறிக்கொண்டே போயிற்று. வாங்குவார் குறைந்துகொண்டே வந்தனர். எனினும் நிறுத்த மனமில்லை. 1976 இல் பயணிகள் சேவை தொடங்கியது. 2003 இல் நின்றது. அவ்விரு நாடுகளின் அரசு விமான நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் அதனை வாங்கித் தம் சேவைக்கு வைத்துக்கொள்ளவில்லை. இடையில் கைவிட்டிருக்க வேண்டும் என்று இங்கிருந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அத்தகைய கூட்டத்தில் எண்களை அறிந்த ஒருவராவது மேசையைச் சுற்றி இருக்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

ஆனால் எண்களை அறிந்தவர் மட்டும் இருந்தாலும் போதாது. சிட்னி நகரத்து இசையரங்கம் 1959 இல் தொடங்கி 1963 இல் முடியும் என்றும், 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவாகும் என்றும் மதிப்பிட்டார்கள். திறந்தது 1973 இல். செலவானது 10 கோடியே 20 லட்சம் டாலர். பணத்துக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது; பெரும்பகுதியை அரசுப் பரிசுச்சீட்டு மூலம் திரட்டினார்கள். சிப்பி போன்ற அக்கூரையை எப்படிக் கட்டுவது என்பது தீர்வதற்கு முன்பே அடித்தளம் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு வரிசைப் பிழையை எந்தப் பேரேடும் காட்டித் தந்திருக்காது.

ஜூலை மாத வேலை முடிந்தபின் என் மாணவர் ஊருக்கு வந்திருந்தபோது, “ஐயா, கணக்கில் நான் சரியாக இருந்தால் ஒருவரும் என்னைத் தேடமாட்டார்கள். இந்த ஆறு மாதமும் எல்லாரும் என்னைத் தேடினார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டுக் கடன் இருக்கிறது, குழந்தை பள்ளிக்குப் போகிறாள். மாறலாமா?” என்று கேட்டார். அவருடைய நிறுவனத்திலேயே தொழிற்சாலையை விரிவாக்கும் பிரிவு ஒன்று இருந்தது. “தம்பி, ஊர் மாறாமல், வீடு மாறாமல் முதலில் மேசையை மட்டும் மாற்றிப் பாருங்கள்” என்றேன். மாறினார். இரண்டு ஆண்டுகள் ஊதிய உயர்வு இல்லை. அவரிடம் வேலை கற்ற இளைஞர் கணக்குப் பிரிவில் தலைவரானார். அது மனத்தை உறுத்தியதாக அவரே சொன்னார். மறைத்துப் பேசுவதில் பயனில்லை. எல்லாரும் மாறத்தான் வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஏடு ஒத்துவரும்போது உண்டாகும் அமைதியை உண்மையாகவே விரும்புகிறவர் அங்கேயே இருப்பது அவருக்கும் நன்று, நிறுவனத்துக்கும் நன்று.

தேர்வுகளைப் பற்றி நீங்கள் அறிய விரும்பலாம். 1969 இல் அமெரிக்காவில் அமைந்த திட்டப்பணி மேலாண்மைக் கழகம் பி.எம்.பி. என்னும் சான்றிதழ்த் தேர்வை 1984 முதல் நடத்துகிறது. அதற்குப் பணிகளை நடத்திய அனுபவம் சில ஆண்டுகள் வேண்டும். கல்லூரியிலிருந்து நேரே போய் எழுத முடியாது. தொடக்க நிலையில் இருப்போர்க்கு அக்கழகமே சி.ஏ.பி.எம். என்ற எளிய தேர்வை வைத்திருக்கிறது. பிரிட்டனில் தோன்றிய பிரின்ஸ் 2 என்னும் முறையும் பல நாடுகளில் வழங்குகிறது. கட்டணம் சிறிதன்று, ஆகவே முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் இல்லாத பயிற்சி ஒன்று உங்கள் பள்ளியிலேயே இருக்கிறது. ஆண்டு விழாவுக்குச் செய்ய வேண்டியவற்றை எழுதுங்கள். பந்தல், ஒலிபெருக்கி, பரிசுகள், நாடக ஒத்திகை, அழைப்பிதழ், தலைமை விருந்தினர். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், எது முடிந்தால் எது தொடங்கும் என்று குறியுங்கள். பந்தலுக்கும் பரிசுக்கும்தான் பெருந்தொகை செலவாகும். ஆனால், தலைமை விருந்தினர் நாளை ஒப்புக்கொண்டு விடை எழுதாமல் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்க முடியாது. அச்சாகாமல் பெற்றோருக்கு அனுப்ப முடியாது. அவருக்கு எழுதும் கடிதத்துக்கு ஓர் அஞ்சல்தலைதான் செலவு. விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்தக் கடிதம் எந்தத் தேதியில் அஞ்சலில் சேர வேண்டும் என்று கண்டுபிடியுங்கள்.